மணலுக்குள் இருக்கும் ஏரி: வடசென்னையின் தண்ணீர்க் கணக்கு

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் நாள்தோறும் வெளியிடுகின்றன. புழல் 21.20 அடி, சோழவரம் 18.86 அடி, செம்பரம்பாக்கம் 24 அடி, பூண்டி 35 அடி என முழு மட்டம் ஒரு பத்தியிலும், அன்றைய இருப்பு அடுத்த பத்தியிலும் இருக்கும். எல்லோருடைய கண்ணும் அன்றைய இருப்பின் மீதுதான் போகிறது. ஆனால் வடசென்னையின் தண்ணீர்ச் சிக்கலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் அந்த முதல் பத்தியை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. புழலின் முழு மட்டமோ ஓர் இரண்டு மாடி வீட்டின் உயரம். சமவெளியில் கரை போட்டுத் தேக்கிய நீர் அகன்று கிடக்குமே தவிர ஆழமாக இருக்காது.

ஆழமில்லாத நீரை வெயில் எளிதில் குடித்துவிடுகிறது. நிறைந்திருக்கும்போது புழல் ஏரியின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போனால் இழப்பு 1.8 கோடி லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் அது 9 கோடி லிட்டராகிறது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் இருக்கும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளில் தருவது 10 கோடி லிட்டர். கோடையில் ஏரி சுருங்கிவிடுவதால் உண்மையான இழப்பு இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், பல நூறு கோடி ரூபாய் செலவிட்டுக் கடலிலிருந்து எடுக்கும் நீருக்கு ஏறத்தாழ ஈடான அளவை, ஒரே ஓர் ஏரியிலிருந்து வானம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதை இது காட்டுகிறது. வெப்பம் கூடக்கூட இந்தக் கணக்கு நமக்குப் பாதகமாகவே நகரும்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி, அதாவது பன்னிரண்டு டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று கொண்டால், ஒரு டி.எம்.சி. ஒரு மாதச் செலவுக்குச் சரியாகப் போகிறது. எனவே எல்லா ஏரிகளும் கலங்கல் வழியும் அளவுக்கு நிறைந்து, ஒரு சொட்டும் ஆவியாகாமல் இருந்தாலும், சென்னையிடம் இருப்பது ஓராண்டுக்குச் சோறு போடும் குதிர்தான். வடகிழக்குப் பருவமழை ஒரு முறை பொய்த்தால் அடுத்த கோடையைத் தள்ளலாம். தொடர்ந்து இரு முறை பொய்த்தால் தள்ள முடியாது. கிராமத்துப் புன்செயைத்தான் வானம் பார்த்த பூமி என்பார்கள். கோடிப் பேர் வாழும் இந்த மாநகரமும் அப்படித்தான் இருக்கிறது.

காலநிலை வறண்டுவருகிறது என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது; இது பாலைவனத்து ஊரின் எண் அல்ல. இங்கே மாறிவருவது மழையின் குணம். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது இயற்பியல். அந்தக் காற்று மழையில்லாத நாட்களில் ஏரியிலும் மண்ணிலும் இருந்து கூடுதலாக உறிஞ்சுகிறது. பெய்யும் நாளில் அதை ஒட்டுமொத்தமாகக் கொட்டுகிறது. 2015இன் இறுதியில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதற்கடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2018இலும் மழை ஏமாற்ற, 2019 ஜூனில் நான்கு பெரிய ஏரிகளும் தரை தட்டின. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது வரவேற்பும் மலர் தூவலும் நடந்தன. அந்த ரயில் கொண்டுவந்த நீர், குறைக்கப்பட்ட விநியோகத்திலும் அரை விழுக்காட்டுக்குக் குறைவு.

இப்படித் திடீரென்று கொட்டி, பிறகு நெடுங்காலம் காயும் வானத்தை நம்பியிருப்பவர்களுக்குத் தேவைப்படுவது வெயில் படாத, ஆண்டுக்கணக்கில் கெடாத ஒரு சேமிப்பு. அப்படி ஒன்று வடசென்னையின் காலடியில் இருந்தது. இன்னும் ஓரளவு இருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் ஏழுகிணறு என்று ஒரு பகுதி உண்டு. வள்ளலார் வாழ்ந்த இடம் என்பதால் பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். பெயருக்குக் காரணமான கிணறுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் முன்வைத்த திட்டத்தின்படி, கோட்டைக்கு வடக்கே மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் வெட்டப்பட்டு, நீர் இறைத்துக் கோட்டைக்கு அனுப்பப்பட்டது. ஏழு என்று பெயர் நிலைத்துவிட்டாலும் வெட்டப்பட்ட கிணறுகள் பத்து. கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கப்பல்காரர்கள் புகழ்ந்து பேசும் சுவையுள்ள நீர் கிடைத்ததற்கு மணலே காரணம். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்தது. நகரத்தின் முதல் ஒழுங்கான குடிநீர்த் திட்டம் ஏரியை நம்பியதல்ல, வடசென்னையின் மணலை நம்பியது.

ஏரிக்கு நகரம் திரும்பியது ஒரு நூற்றாண்டு கழித்து. கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் வழியாகப் புழலுக்குத் திருப்பி, 1872இல் அங்கிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். திறந்த வாய்க்கால் அசுத்தமாகும் என்பது பின்னர் புரிந்து, மேட்லி என்ற பொறியாளரின் காலத்தில், 1914இல், மூடிய வழியும் மணல் வடிகட்டிகளும் வந்தன. 1944இல் பூண்டி கட்டப்பட்டது. அதற்குப் பிறகு நகரத்தின் தாகம் மாநில எல்லையைத் தாண்டியது. 1983இல் ஆந்திரத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்குள்ள கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் வர வேண்டும். 1996இல் முதல் நீர் பூண்டியை அடைந்தது. அந்த முழு அளவு வந்து சேர்வது வழக்கமில்லை. அங்கே வறண்டால் இங்கேயும் வறளும் என்பதால், அது கூடுதல் நீர் என்ற அளவில் சரி, காப்புறுதி அல்ல.

மணல் மறக்கப்பட்டுவிடவில்லை. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கடலை நோக்கி வரும் சமவெளியில், ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த வண்டல் மணல் ஆழமாகப் படிந்திருக்கிறது. பாலாறே ஒரு காலத்தில் இந்த வழியாக ஓடிக் கடலில் கலந்தது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். அவ்வளவு மணலுக்கு அதுவும் ஒரு விளக்கம். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு இந்த மணற்படுகையின் வளத்தைக் கணித்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுப் படுகைகள், அதாவது நீர் இறைக்கும் கிணறுகளின் தொகுப்புகள், அமைந்தன. அதே ஆண்டுகளில்தான் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டும், மணலில் தண்ணீர் இருக்கிறது. கணக்கு எளிதாக முடிந்தது. பிற்பாடு 1980களில் பூண்டி, கன்னிகைப்பேர், ஆற்றுவெளிப் பகுதி ஆகியவையும் சேர்ந்தன. இவற்றோடு அந்த வட்டாரத்து உழவர்களின் ஆயிரக்கணக்கான பம்பு செட்டுகளும் அதே மணலிலிருந்து இறைத்தன.

கடலோர மணலில் நன்னீர் எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிறகு நடந்தது தானாகப் புரியும். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. ஒரு லிட்டருக்கு 25 கிராம் அளவில் கூடுதல். இந்தச் சிறு வித்தியாசத்தால் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் நிற்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட விதி இது. இதைத் திருப்பிப் படித்தால்தான் அச்சம் வருகிறது: கிணற்றின் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வர இடம் கிடைக்கிறது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் கடலே நிலத்தை நோக்கி நடக்கத் தொடங்குகிறது. மீஞ்சூர் பக்கத்தில் நீர் நிற்கும் மணல் அடுக்குகள் மேல், கீழ் என்று களிமண்ணால் பிரிந்திருப்பதால் நிலைமை இந்த எளிய விதியைவிடச் சிக்கலானது. ஆனால் போக்கு அதுதான்.

1969இல் கடல்நீர் ஊடுருவல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. 1983இல் 7 கிலோமீட்டர். 1987இல் 9 கிலோமீட்டர். பின்வந்த ஆண்டுகளில் அது இன்னும் உள்ளே போயிற்று. தென்னையும் நெல்லும் நின்ற நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் கரித்தது, பயிர் கருகியது, உழவர்கள் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினார்கள், அது நோயைக் கூட்டியது. கடற்கரையிலிருந்து மட்டும் உப்பு வந்ததாகச் சொல்ல முடியாது. எண்ணூர் முகத்துவாரத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஓதநீர் நெடுந்தூரம் உள்ளே ஏறுகிறது; வற்றிய மணல் அதையும் குடிக்கிறது.

மணலில் ஒருமுறை ஏறிய உப்பு எளிதில் இறங்காது என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. ஏரி வற்றினால் ஒரு நல்ல ஐப்பசி போதும், அது நிறைந்துவிடும். நிலத்தடியில் இறைப்பதை நிறுத்தினாலும், உப்பேறிய நீரை நன்னீர் கடலுக்குத் திருப்பித் தள்ள ஆண்டுகள் பல, சில இடங்களில் ஒரு தலைமுறையே ஆகும். ஆகவே ஏரியிலிருந்து அதிகமாக எடுப்பதும் மணலிலிருந்து அதிகமாக எடுப்பதும் ஒரே வகைக் கடன் அல்ல. முதலாவது கைமாற்று, இரண்டாவது கந்துவட்டி. சென்னை பல ஆண்டுகள் இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை என்பதே என் கணிப்பு.

சட்டம் ஒருவகையில் விழித்துக்கொண்டது. 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், கிணறு வெட்டவும், நீரெடுக்கவும், லாரியில் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும் என்றது. மாநிலம் முழுமைக்குமென 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. அனுமதி கேட்பது காகிதத்தில் எளிது. ஊருக்கு வெளியே இரவில் நிறையும் லாரியை யார் எண்ணுவது என்பதில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. இன்னொரு பக்கம், வறட்சி ஆண்டுகளில் குடிநீர் வாரியமே திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்கு நீர் வாங்கியிருக்கிறது, 2019இலும் வாங்கியது. மகரல், வெள்ளியூர் போன்ற ஊர்களில் நெல்லைவிடத் தண்ணீர் நல்ல விளைச்சலாக ஆன காலங்கள் உண்டு. விற்றவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பக்கத்து நிலத்தில் கிணறோ கூலியோ இழந்தவருக்கு அந்த விற்பனையில் பங்கு இல்லாமல் போனது மட்டும் பதிவாக வேண்டிய செய்தி.

மணலுக்குப் பட்ட கடனைத் திருப்பிச் செலுத்தும் முயற்சிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது கொடுங்கையூரில் நடப்பது. அந்தப் பெயரைக் கேட்டதும் குப்பைமேடும் நாற்றமும்தான் நகரத்தாருக்கு நினைவு வரும். அங்கேயுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு வடசென்னையின் கழிவுநீர் வந்து சேர்கிறது. 1990களின் தொடக்கத்திலேயே மணலியின் பெரிய ஆலைகள், சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி, தம் வளாகத்துக்குள் மேலும் தூய்மை செய்து பயன்படுத்தத் தொடங்கின. பெருந்தன்மையால் அல்ல, தட்டுப்பாட்டால். 2019இல் அரசுத் தரப்பிலேயே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் ஆர்.ஓ. முறையும் கொண்ட ஆலை கொடுங்கையூரில் இயங்கத் தொடங்கி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மணலி, எண்ணூர் பகுதித் தொழிற்சாலைகளுக்குத் தரும் திறன் பெற்றது. கோயம்பேட்டில் அதே அளவில் இன்னோர் ஆலை மேற்குப் புறத்துத் தொழிற்பேட்டைகளுக்காக அமைந்தது.

கொதிகலனுக்கும் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் புழல் தண்ணீரோ மீஞ்சூர்க் கிணற்றுத் தண்ணீரோ தேவையில்லை. வெப்பம் கூடிய ஆண்டிலும் மழை பொய்த்த ஆண்டிலும் வற்றாமல் வரும் நீராதாரம் நகரத்தின் கழிவுநீர். மனிதர்கள் இருக்கும்வரை அது வரும். இதிலும் குறை உண்டு. ஆர்.ஓ. முறையில் உள்ளே போகும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உப்பும் அழுக்கும் செறிந்த கழிவாக வெளியேறுகிறது. அது ஏதாவதொரு நீர்நிலைக்குத்தான் போயாக வேண்டும். வடசென்னையில் அப்படிப் போய்ச் சேருகிற இடம் எப்போதும் எண்ணூர்க் கழிமுகமாகவே இருந்துவிடுகிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், இவை எல்லாவற்றையும் ஏற்கெனவே அது சுமந்திருக்கிறது. கழிமுகத்தில் நண்டும் இறாலும் பிடிப்பவர்களைக் கேட்காமல் போடும் நீர்க் கணக்கு அரைக் கணக்குத்தான்.

கடல்நீரைக் குடிநீராக்குவதைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியாது. காட்டுப்பள்ளி ஆலை 2010இல் திறக்கப்பட்டது; தெற்கே நெம்மேலியில் 2013இல் ஒன்றும் 2024இல் இன்னொன்றும் வந்தன; பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் திறனுள்ள பெரிய ஆலைக்குப் பணி நடக்கிறது. 2019 கோடையில், அப்போது இயங்கிய இரண்டு ஆலைகளும் இல்லாதிருந்தால் வடசென்னை காலியாகியிருக்கும் என்பது மிகைக் கூற்றல்ல. ஆனால் ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி பக்கத்திலேயே நிலக்கரியை எரித்து வருகிறது. ஒவ்வொரு லிட்டர் நல்ல நீருக்கும் அதைவிடக் கூடுதலான செறிந்த உப்புநீர் கடலுக்குத் திரும்புகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோது, கடலையே ஊற்றாகக் கொண்ட குடிநீருக்கும் ஆபத்து வரும் என்பது முதன்முறையாகப் பலருக்கு உறைத்தது. இது தேவையான மருந்து. ஆனால் மருந்தையே சோறாக உண்ண முடியாது.

மழை பெய்யும் மாதங்களில் நடப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பூண்டியிலிருந்து உபரி நீரைத் திறந்துவிடுகிறார்கள். கொசஸ்தலையாறு கரை புரள்கிறது. சடையங்குப்பமும் மணலி புதுநகரும் இடுப்பளவு நீரில் நிற்கின்றன. 2015இலும், 2021இலும், 2023இலும் இதைப் பார்த்தோம். அதே மணலி புதுநகரில் ஆறு மாதம் கழித்துத் தெருமுனைத் தொட்டிக்கு லாரி வருகிறதா என்று குடங்களோடு நிற்கிறார்கள். கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீண் என்பது சரியல்ல. முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்கவும் மீன்வளத்துக்கும் வெள்ளம் வேண்டும். பிரச்சினை, ஆறு ஓடும் அந்தச் சில வாரங்களில் மணல் குடிப்பதற்கு நேரம் கொடுக்கிறோமா என்பது. தடுப்பணை செய்வது அதைத்தான். பெரிதாக நீரைத் தேக்குவது அதன் வேலையல்ல. ஓடும் நீரை ஆற்றுப்படுகையின் மேல் சில மாதங்கள் நிற்கவைத்து, கீழே இறங்க வைப்பது. ஆரணியாற்றில் பாலேஸ்வரத்தில் கட்டிய தடுப்பணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததையும் உப்பு குறைந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் தடுப்பணைக்கு மேலும் கீழும் ஆற்று மணலையே அள்ளிக் கொண்டுபோய்விட்டால், நீர் நிற்பதற்குக் கரை இருக்கும், இறங்குவதற்கு இடம் இருக்காது. கொசஸ்தலையாற்றில் அள்ளப்பட்ட மணல் எத்தனையோ அடுக்குமாடிகளாக எழுந்து நிற்கிறது. அந்தக் கட்டடங்களின் சம்ப்புகளை நிரப்பவே இப்போது லாரி ஓடுகிறது.

நகருக்குள் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, இந்தியாவில் வேறெங்கும் அந்த அளவில் நடக்காத ஒன்று. கிணறுகளில் அதன் பலன் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் வடசென்னையில் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் கடலோர மணல். குழி தோண்டினால் நீர் இறங்கும். உள்ளே போகப் போகக் களிமண். அங்கே கூழாங்கல் போட்ட குழி சில மழைக்குள் சேறடைந்து கொசு வளர்ப்பதற்கே உதவுகிறது. அத்தகைய தெருக்களில் கூரை நீரைத் தொட்டியில் பிடிப்பதோ பழைய திறந்த கிணற்றில் விடுவதோதான் பொருந்தும். ஒரே வரைபடத்தை எல்லா வீட்டுக்கும் ஒட்டியது அந்தத் திட்டத்தின் பலவீனம். தவிர, முந்நூறு நானூறு சதுர அடியில் மூன்று குடும்பங்கள் வாழும் ஒண்டுக்குடித்தனத்தில் எந்த மூலையில் குழி எடுப்பது என்ற கேள்விக்கு அதிகாரிகளிடம் பதில் இருந்ததில்லை.

அந்த வீடுகளில் தண்ணீருக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. அடி பம்பில் வருவது மெட்ரோ தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி. காசு கொடுத்து வாங்குவது கேன் தண்ணி. உப்புத் தண்ணியில் பாத்திரம் கழுவலாம், பருப்பு வேகாது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றியும், எண்ணெய்க் குழாய்க் கசிவு நிகழ்ந்த தண்டையார்பேட்டைப் பகுதியிலும் அதுவும் ஆகாது. மெட்ரோ தண்ணியில் வேறு சிக்கல். குழாயில் ஒரு நாளில் சில மணி நேரமே நீர் ஓடுகிறது. அழுத்தம் இல்லாத நேரத்தில் பழைய குழாயின் விரிசல் வழியே சுற்றியுள்ள நீர் உள்ளே கசிகிறது. அடி பம்பும் மோட்டாரும் சேர்ந்து உறிஞ்சும்போது பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. வடசென்னைத் தாய்மார்கள் முதல் நான்கு குடத்தை வாசலில் கொட்டிவிட்டுப் பிறகு பிடிப்பது இதனால்தான். தட்டுப்பாட்டில் நேரத்தைக் குறைத்து விநியோகிப்பது மிச்சம் பிடிப்பதுபோலத் தோன்றினாலும், கொட்டப்படும் குடங்களையும், குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும், கேனுக்கு ஆகும் செலவையும் அந்தக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. நூறாண்டைத் தொடும் குழாய்களை மாற்றுவதும் ஒரு வகையில் புது ஏரி வெட்டுவதுதான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, வடசென்னைக்கு வேண்டியது புதிதாக இன்னொரு நீராதாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கும் ஆதாரங்களை எந்த ஆண்டில் எதைத் தொடுவது என்ற ஒழுங்கு வேண்டும். இப்போதைய வழக்கம் என்னவென்றால், ஏரி நிறைந்த ஆண்டில் கடல்நீர் ஆலையின் தேவையைப் பற்றி அலட்சியம், ஏரி வற்றிய ஆண்டில் கிணற்றுப் படுகைகள் மீது பாய்ச்சல். முறை மாற வேண்டும். ஏரி நிறைந்திருக்கும்போது, வெயில் குடிப்பதற்கு முன்னால், ஏரி நீரை முதலில் செலவிட வேண்டும். அந்த ஆண்டுகளில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் மணலைத் தொடாமல் விட்டு, தடுப்பணைகள் வழியே அதற்கு ஊட்ட வேண்டும். மணலில் ஏறும் நீர் ஆவியாகாது. அடுத்த வறட்சிக்கு அதுவே இருப்பு. கடலுக்கு அருகேயுள்ள கிணறுகளுக்கு நிரந்தர ஓய்வு, உள்ளே தள்ளியுள்ள கிணறுகளுக்கு அளவான பயன்பாடு என்று பிரிக்கலாம்.

இதில் தடையாக நிற்பது பொறியியல் அல்ல. அந்த மணல் உழவர்களின் நிலத்துக்கடியில் இருக்கிறது. பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். வாரியம் இறைக்காமல் விட்ட நீரை உழவர் இறைத்தால் மணலில் ஏறுவது ஒன்றுமில்லை. வறட்சியில் அவர்களிடம் நீர் வாங்கப் பணம் கொடுக்க முடிந்த அரசு, நல்ல ஆண்டுகளில் ஒரு போக நெல்லுக்குப் பதிலாக உளுந்தோ எள்ளோ விதைத்து, நீரை மண்ணிலேயே விட்டுவைப்பவருக்கு அதே பணத்தைக் கொடுத்தால் என்ன என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. நகரத்தில் வீடுகள் பெரும்பாலும் மீட்டரில்லாமல், எவ்வளவு பிடித்தாலும் ஒரே மாதக் கட்டணம் செலுத்துகின்றன. அந்தப் பணத்துக்கு வழி தேடுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். வியாசர்பாடியின் நான்கு குடத்திலிருந்து அல்ல, பெரிய சம்ப்பும் மொட்டை மாடித் தொட்டிகளும் உள்ள வளாகங்களிலிருந்து.

காட்டுப்பள்ளி ஆலையின் ஒப்பந்தம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கானது. 2035 வாக்கில் அது முடிந்து, ஆலை குடிநீர் வாரியத்தின் கைக்கு வர வேண்டும். அதுவரை ஒப்பந்த விலையில் நீரை வாங்கிக்கொள்ளும் கட்டாயத்தில் இருக்கும் வாரியம், அதன்பிறகு எந்த மாதத்தில் ஆலையை எவ்வளவு ஓட்டுவது, எந்தக் கிணற்றுக்கு ஓய்வு கொடுப்பது என்பதைத் தானே தீர்மானிக்க முடியும். மீஞ்சூரிலிருந்து வெகு தொலைவில், நகரத்துக்குள் எடுக்கப்படும் அந்த முடிவுக்கு, மீஞ்சூர்க் கிணறுகளில் நீர் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்ற எண்ணை யாராவது அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.